பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சம்பளம் கூட்டிக் கேட்பது



விடியற்காலை நான்கரை மணி. ஸ்கூடாய், மாசாய், உலு திராம், கூலாய் பக்கத்துத் தாமான்களிலே மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்த நேரத்துக்குப் புறப்பட்டால்தான் சுங்கச் சாவடி நெரிசலைத் தாண்டி நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேர முடியும். அவர்களிலே சிலருடைய தோளில் தூங்குகிற குழந்தை ஒன்று கிடக்கும். நாலு வீடு தள்ளி ஒரு வீட்டிலே விளக்கு எரியும். கதவு திறக்கும். குழந்தையும், பால்மாவும் மாற்றுத்துணியும் வைத்த பையும் கைமாறும். கதவு மூடும். இரவு ஏழு மணிக்கோ எட்டு மணிக்கோ அதே கதவு மறுபடி திறக்கும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். அவர் பெரும்பாலும் நம் தோட்டத்துப் பெண்தான். தோட்டம் துண்டாடப்பட்டோ, தாமான் ஆனபிறகோ வெளியே வந்தவர். அல்லது இன்னமும் தோட்டத்து வீட்டிலே இருந்துகொண்டு பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிலே பல பேருடைய அம்மாவோ பாட்டியோ இந்த வேலையைச் செய்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர்கள் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. "டீச்சர், இத்தன வருஷமா அதே காசுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எப்படிக் கூட்டிக் கேக்கறது?"

கேள்வி சின்னதாகத் தெரிகிறது. பதில் அவ்வளவு சின்னதல்ல.

தோட்டத்திலே பிள்ளை பார்க்கும் வேலை புதிதல்ல. தாய்மார்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்கும் முன்னே பிள்ளையை ஆயாக் கொட்டகையிலே விட்டுப் போவார்கள். வரிசையாய்த் தொங்கும் ஏணைகள், ஒரு பெரிய பால் சட்டி, ஒரு வயதான ஆயா. அந்த ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். பிள்ளையின் தாய் அல்ல. தோட்டத்திலே குழந்தைக் காப்பகம் வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதைத் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆகையால் அந்த ஆயா ஒருநாளும் தாயைப் பார்த்து "சம்பளம் போதவில்லை" என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை. அவருக்கும் தாய்க்கும் நடுவிலே கிராணி இருந்தார், செக்ரோல் இருந்தது, சங்கம் இருந்தது.

இன்றைக்குத் தாமான் வீட்டிலே பிள்ளை பார்க்கும் அக்காவுக்கு நடுவிலே யாருமில்லை. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் வாசற்படியிலே நேருக்கு நேர் நிற்கிறார்கள். போதாக்குறைக்கு அந்தக் குழந்தை இருவருக்கும் நடுவிலே கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறது! வாய் எப்படி வரும்?

ஆயா என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து இந்தியாவுக்கு வந்த சொல் என்பார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களோடு குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்து வரைக்கும் கப்பலில் போன இந்திய ஆயாக்கள் உண்டு. கரை இறங்கியதும் "இனி நீ தேவையில்லை" என்று திரும்பிப் போகக் கப்பல் கட்டணமும் கொடுக்காமல் கைவிடப்பட்டவர்களும் அவர்களிலே இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஹாக்னி பகுதியிலே ஒரு விடுதி நடந்தது. 2022ஆம் ஆண்டில் அந்தக் கட்டடத்திலே நினைவுப் பலகை பதித்தார்கள். பாசம் இருந்த வீட்டிலேயும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆயாக்களை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்குக் கூலி உயர்வு கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 1930களின் பிற்பகுதியிலே தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று இருந்தது. 1941இல் சிலாங்கூர் கிள்ளான் வட்டாரத்திலே தோட்டத் தொழிலாளர்கள் திரண்டு எழுந்தபோது கூலியை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்த ஆர். எச். நாதன் அந்த ஆண்டு மே மாதத்தில் கைதானார், போராட்டம் பரவியது, துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் போயின. பிறகு 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து, பி. பி. நாராயணன் பொதுச் செயலாளராக இருந்து முதலாளிமார் சங்கத்தோடு மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் பேசும் காலம் வந்தது.

ஆனால் இவை எல்லாம் கூட்டமாகக் கேட்டவை. தனியாக, ஒரு வீட்டு வாசலிலே, தன்னை "அக்கா" என்று கூப்பிடுகிற ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இது வேறு விதமான துணிவு.

நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். தோட்டத்து வீட்டிலே ஓர் அம்மா மூன்று பிள்ளைகளைப் பார்த்து வந்தார். ஆறு வருடம் ஒரே சம்பளம். ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. ஆனால் மனதுக்குள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தாய் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் முகம் சுளிக்கும். பையிலே டயப்பர் குறைந்தால் எரிச்சல் வரும். ஒருநாள் திடீரென்று, "எனக்கு ஒடம்பு முடியல, நாளையிலேர்ந்து பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தத் தாய் இரண்டு வாரம் வேலைக்குப் போகாமல் அலைந்தார். பேச்சு வராத அந்தக் குழந்தை அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் கையைக் காட்டி அழுததாம். இந்த அம்மாவோ மாத வருமானம் போய், நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த மகளுக்கு வேன் காசு கட்ட முடியாமல் நம்மிடமே வந்து நின்றார். "ஏம்மா, கேட்டிருக்கலாமே?" என்றோம். "கேட்டா காசுக்காகத்தான் பாக்குறேன்னு நெனப்பாங்களே டீச்சர்" என்றார்.

காசுக்காகத்தான் பார்க்கிறோம். பாசமும் வைக்கிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலே எழுதியிருக்கிறது? அந்த வேன்காரர் இடையிலே இரண்டு முறை கட்டணத்தைக் கூட்டினார். அவரை யாரும் பாசமில்லாதவர் என்று சொல்லவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் பாடம் நடத்துகிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாங்களே, அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?" என்பார்கள். புடவை அன்பளிப்பு. அதை அன்போடு வாங்கிக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளக் கணக்கிலே அதைச் சேர்க்கலாகாது. புடவையைக் கொண்டுபோய் மளிகைக் கடையிலே அரிசி வாங்க முடியாதல்லவா?

இனி, கேட்பதற்கு முன்னால் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பார்க்கிற எல்லாரும் சட்டத்தின் கண்ணிலே ஒரே மாதிரி அல்ல.

தோட்ட நிர்வாகத்திடமோ, பதிவு பெற்ற தாஸ்காவிலோ சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் மற்றத் தொழிலாளரைப் போன்றவர்தான். அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் அது மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறிய முதலாளிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டு 1 வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் முடிந்துவிட்டது. இவர் இதற்குக் கீழே வாங்கினால் அது கேட்டுப் பெறுகிற உயர்வு அல்ல. வரவேண்டிய பாக்கி. தொழிலாளர் இலாகாவிலே போய் முறையிடலாம்.

பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிறவர் அடுத்த வகை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலே இவர்களைக் குறிக்க ஏவலாள் என்ற பொருள்படும் ஒரு சொல்தான் வெகுகாலம் இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜனவரி 1 முதல் வீட்டுத் தொழிலாளி என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, குறைந்தபட்சச் சம்பளம் இவருக்கு இல்லை. வார ஓய்வு, பொது விடுமுறை பற்றிய பகுதியும் இவருக்குப் பொருந்தாது. நமக்கு இது மனத்தாங்கலாகத்தான் இருக்கிறது. வீட்டுத் தொழிலாளர்களுக்கென்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதை நம் நாடு இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. இருந்தாலும் கையிலே ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நிறுத்த 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அல்லது அந்த நாட்களுக்குரிய சம்பளத்தைத் தர வேண்டும். நாம் விலகுவதானாலும் அதே 14 நாள்தான். 2021 ஜூன் 1 முதல் பெர்கேசோ பாதுகாப்பும் உண்டு. பதிவு செய்ய வேண்டியவர் முதலாளி. சம்பளத்தைக் கூட்ட முடியவில்லை என்கிற வீட்டாரிடம், "சரி, பெர்கேசோவாவது பதிந்து கொடுங்கள்" என்று கேட்பது நியாயமான கேள்வி.

நம் நேயர்களிலே பெரும்பாலோர் மூன்றாம் வகை. சொந்த வீட்டிலே பிறர் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறவர்கள். இவர் யாருக்கும் வேலையாள் அல்ல. சுயமாகத் தொழில் நடத்துகிறவர். பெட்டிக்கடை வைத்திருப்பவர் சாமான் விலையைத் தாமே சொல்வது போல, இவரும் தம் விலையைத் தாமேதான் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் மனமிரங்கி உயர்த்தித் தருவார் என்று காத்திருந்தால் ஆறு வருடம் போகும், அறுபது வருடமும் போகும். ஒன்று மட்டும் கவனம். ஒரே குடும்பமல்லாமல் வெவ்வேறு குடும்பங்களிலிருந்து நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால், 1984ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டப்படி சமூகநல இலாகாவிலே பதிந்துகொள்ள வேண்டும். பயந்து ஒதுங்க வேண்டாம்; பதிவிலே நன்மையும் உண்டு. பதிவு பெற்ற இடத்துக்குக் கட்டும் காசுக்குப் பெற்றோர் வருமான வரியிலே ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். வரி கட்டுகிற அளவு சம்பளம் வாங்கும் பெற்றோருக்கு அது பெரிய ஈர்ப்பு.

அந்தச் சட்டத்தின் விதிகளிலே இன்னொரு செய்தி இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. கைக்குழந்தை பார்ப்பது எவ்வளவு பாரமான வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? "சும்மா வீட்டுல இருக்கீங்கதானே" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கணக்குக்கு வருவோம். பேச்சை விடக் கணக்குத்தான் இங்கே முக்கியம்.

மளிகைக் கடையிலே கடன் எழுத 555 என்று போட்ட சின்ன நோட்டு ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அதேபோல ஒன்று வாங்குங்கள். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், ஒவ்வொரு பிள்ளையும் வந்த நேரம், போன நேரம், நீங்கள் கைக்காசு போட்டு வாங்கிய சாமான் எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத வராதவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லலாம். பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் ஆயிற்று.

மூன்று பிள்ளை பார்க்கும் ஓர் அக்காவின் நோட்டை 2025 தொடக்கத்திலே நாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். மூன்று பேருக்கும் தலைக்கு 350 வெள்ளி. 2019இலிருந்து அதே விலை. ஒரு பிள்ளையின் பெற்றோர் சிங்கப்பூரில் வேலை. காலை 5 மணிக்கு விட்டு இரவு 7 மணிக்கு எடுக்கிறார்கள். நாளுக்கு 14 மணி நேரம், மாதம் 22 நாளுக்கு 308 மணி நேரம். மற்ற இரண்டு பிள்ளைகளின் தாய்மார்கள் பக்கத்துத் தொழிற்சாலை. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, 11 மணி நேரம், மாதம் 242 மணி நேரம்.

வகுத்துப் பார்த்தால் தொழிற்சாலைப் பிள்ளைக்கு மணிக்கு 1 வெள்ளி 45 காசு விழுந்தது. சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு 1 வெள்ளி 14 காசு. அதிக நேரம் இருக்கிற பிள்ளைக்குத்தான் குறைந்த கூலி! அந்த அக்கா நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பிள்ளைக்கும் சேர்த்து மாதம் 1,050 வெள்ளி. அரிசி, காய்கறி, சோப்பு, மின்சாரம் என்று கைக்காசு 130 வெள்ளி போயிருந்தது. மீதி 920 வெள்ளியை 308 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு மூன்று வெள்ளிகூட முழுதாக வரவில்லை. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கிலே பார்த்தால் எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது.

இன்னும் ஒரு கணக்கு. 2019இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. பிறகு 2022 மே மாதத்தில் 1,500 ஆயிற்று, 2025இல் 1,700. இந்த அக்காவின் 350ம் அதே வீதத்திலே உயர்ந்திருந்தால் 540 வெள்ளி ஆகியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் உடனே போய்த் தலைக்கு 540 கேட்டுவிடலாமா? இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். தொழிற்சாலையிலே 1,700 வெள்ளி வாங்குகிற தாயும் தொழிலாளிதான். அவரிடம் பிள்ளை பார்க்க மட்டும் 540 கேட்டால் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். அவர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தால், அவருக்கும் நட்டம், அக்காவுக்கும் நட்டம். இந்த இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் எதிரிகள் அல்ல. ஒருத்தி வேலைக்குப் போக முடிவது இன்னொருத்தி வீட்டில் இருப்பதனாலே. ஒருத்தியின் குறைந்த சம்பளத்திலிருந்து இன்னொருத்தியின் சம்பளம் வருகிறது. இதற்கு முழுத் தீர்வு அந்த வாசற்படியிலே கிடையாது. அரசாங்கமும் தொழிற்சாலையும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பழைய தோட்டத்திலே ஆயாக் கொட்டகைச் செலவைத் தோட்டம் ஏற்றதே! நூற்றுக்கணக்கான தாய்மார்களை வேலைக்கு வைத்திருக்கிற தொழிற்பேட்டைகளிலே அதைப் போல ஒன்று ஏன் பரவலாக இல்லை என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

சிங்கப்பூர்க் குடும்பத்தின் நிலைமை வேறு. 2013இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் சுமார் இரண்டரை வெள்ளி கிடைத்தது. 2023 இறுதியிலே ஏறத்தாழ மூன்றரை வெள்ளி. அங்கே சம்பளம் ஒரு காசு கூடாவிட்டாலும் இங்கே கைக்கு வருவது கூடியிருக்கிறது. அதற்காக, "நீங்க சிங்கப்பூர் காசு சம்பாதிக்கிறீங்க, கூடக் குடுங்க" என்று பேசலாமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. பிறர் பையை எண்ணிப் பேசினால், அவர்களும் நம் பையை எண்ணத் தொடங்குவார்கள். "உங்க வீட்டுக்காரருக்குத்தான் வேலை இருக்கே, மகன் சம்பாதிக்கிறானே" என்பார்கள். மணி நேரத்தைக் காட்டிப் பேசுங்கள். நேரம் அதிகமென்றால் காசு அதிகம். இதிலே யார் பணக்காரர், யார் ஏழை என்ற பேச்சே எழாது. அந்த அக்காவின் நோட்டுப்படி சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு 450 வெள்ளி என்று வைத்தால்தான் மற்றப் பிள்ளைகளோடு ஒரே கூலி ஆகிறது. நூறு வெள்ளி கேட்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

எப்போது கேட்பது? சம்பளம் கையில் கொடுக்கிற அந்த நிமிடத்திலே கேட்க வேண்டாம். களைத்து வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் இரவிலும் வேண்டாம். அவர்கள் தாமதமாக வந்து நமக்குக் கோபம் பொங்கும் நாளிலே வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வாயில் வருவது கணக்காக இருக்காது, வசையாக இருக்கும். ஓய்வு நாளாகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜொகூரிலே 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கோ சனி, ஞாயிறு. நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை பார்த்துப் பிறர் பிள்ளைகளும் வந்து குவிவார்கள். 2025 ஜனவரி முதல் இங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. உட்கார்ந்து பேச நாள் கிடைத்திருக்கிறது.

அந்த அக்கா கேட்ட விதம் நமக்குப் பிடித்திருந்தது. புதன்கிழமை வாசலிலே இவ்வளவுதான் சொன்னார்:

"தங்கச்சி, சனிக்கெழமை ஒரு பத்து நிமிஷம் வீட்டுக்கு வாம்மா. பிள்ள நல்லா இருக்கான், அதுல ஒன்னும் இல்ல. என் கணக்கப் பத்திப் பேசணும்."

"பிள்ளை நல்லா இருக்கான்" என்று முதலிலே சொன்னது நல்ல யோசனை. இல்லாவிட்டால் அந்தத் தாய் நான்கு நாள் தூங்கியிருக்க மாட்டார். சனிக்கிழமை கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அக்கா நோட்டை விரித்து வைத்தார்.

"ஆறு வருஷமா 350 வாங்குறேன். நேரம் இதுல எழுதியிருக்கேன், பாருங்க. மத்தப் பிள்ளைங்க பதினோரு மணி நேரம், தம்பி பதினாலு மணி நேரம். வர்ற மே மாசத்துலேர்ந்து 450 ஆக்கிக் குடுங்க."

தொகையைச் சொன்னார். எந்த மாதத்திலிருந்து என்று சொன்னார். அதற்குப் பிறகு பேசாமல் இருந்தார். இந்தக் கடைசிக் காரியம்தான் நம் பெண்களுக்குக் கடினமானது. கேட்டுவிட்டு உடனே, "முடியலன்னா பரவாயில்ல, இருக்கறதே போதும்" என்று நாமே அழித்துவிடுகிறோம்! எதிரே இருப்பவர் யோசிப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மௌனமாக இருந்தால் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "கூட்டிக் குடுக்கலன்னா பிள்ளைய நாளைக்கு விடாதீங்க" என்று குழந்தையைப் பிணையாக வைத்துப் பேசக் கூடாது. உண்மையிலேயே நிறுத்தப் போவதானால் குறைந்தது இரண்டு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். "மூணாவது லைன்ல அந்தம்மா 600 வாங்குது" என்று விசாரிக்காமல் சொல்லவும் கூடாது. அவர்கள் போய் விசாரிப்பார்கள். அக்கம்பக்கத்து விலையைத் தெரிந்துகொள்வது அவசியம்தான். அதைவிட நல்லது, ஒரே தாமானில் பிள்ளை பார்க்கிற நாலைந்து பேர் கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ கூடும்போது, என்ன நேரத்துக்கு என்ன விலை என்று தங்களுக்குள்ளே பேசிவைத்துக்கொள்வது. ஒருவர் விலையை மற்றவர் வெட்டாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

முடியாது என்று சொல்லிவிட்டால்? காசு தவிர வேறு வழியிலும் உயர்வு வாங்கலாம். நேரத்தைக் குறைத்துக் கேட்கலாம். பால், டயப்பர், மதியச் சோறு அவர்களே கொண்டுவரச் சொல்லலாம். தாமதத்துக்குத் தனிக் காசு வைக்கலாம். பள்ளி விடுமுறையிலே மூத்த பிள்ளையையும் சேர்த்து விட்டுப்போகும் வழக்கம் இருந்தால், அதற்குத் தனியாகக் கேட்கலாம். எதை ஒப்புக்கொண்டாலும் ஒரு தாளிலே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "மறதிக்காக" என்று சொல்லலாம். சொந்த வீட்டிலே பிள்ளை பார்த்து, மாதக் கணக்கில் சம்பளம் பாக்கியாகி ஏமாந்தவர், 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகையானால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலே சிறு வழக்காகப் போடலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே போய் நிற்கும்போது அந்தத் தாளும் அந்த 555 நோட்டும்தான் சாட்சி.

அந்த அக்காவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். சிங்கப்பூர்க் குடும்பம் ஒரு வாரம் யோசித்து 420 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டது. ஏழு மணிக்கு மேல் தாமதமானால் அரை மணிக்கு 5 வெள்ளி என்றும் எழுதிக்கொண்டார்கள். தொழிற்சாலைத் தாய்மார்களிடம் தலைக்கு 30 வெள்ளி கூட்டிக் கேட்டார். ஒருவர் 20 கொடுத்தார். இன்னொருவர், கணவருக்கு ஓவர்டைம் நின்றுபோய்விட்டது என்று கண் கலங்கினார். அவரிடம் காசு கூட்டவில்லை. பிள்ளைக்கு வேண்டிய அரிசியும் பாலும் அவரே கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு. ஆக மாதம் 90 வெள்ளி கூடுதல், கைச்செலவிலும் கொஞ்சம் குறைவு. கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்.

புது 555 நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்திலே "அடுத்து கேட்பது: 2026 மே" என்று தம் மகளை விட்டு எழுதி வைத்திருக்கிறார். எழுதியது நம் வகுப்புப் பிள்ளை. கையெழுத்து இன்னும் கொஞ்சம் திருந்த வேண்டும்.